வேலைக்கு வந்த ஊர் – 9: விடுதியை யார் தேர்ந்தெடுப்பது?

சென்ற வாரம் வேலைக்கான ஆர்டரைக் கையில் வாங்கினோம். அன்றைக்கே அடுத்த கேள்வி வந்துவிடும்: எங்கே தங்குவது? விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வரும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, பெரும்பாலும் ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர்தான் பதில் சொல்கிறார். “ஹாஸ்டல் ரெடியா இருக்கும்மா, பெட்டியை எடுத்துக்கிட்டு வந்தா போதும்.” வேன் விடுதி வாசலில் இறக்கிவிடும். அறையைப் பார்த்து, பிடிக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய்ப்பே வருவதில்லை.

அதன் விலை என்ன என்பதை கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டம் 2021 டிசம்பரில் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட உணவு விஷமாகி 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவ, 17-ம் தேதி இரவு சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனாலும் அந்த வதந்தியை அவர்கள் நம்பும் அளவுக்கு விடுதி நிலைமை இருந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தச் சமையலறையில் எலிகளையும் மோசமான வடிகாலையும் பார்த்து அதை மூடினார்கள். தரையில் படுத்ததையும், கழிவறையில் தண்ணீர் வராததையும் தொழிலாளர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தங்குமிடங்கள் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. போராட்டத்தை அடுத்து மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் மகளிர் விடுதி நடத்தக் கூடாது. பிறகு அரசும் இறங்கி வந்து கட்டியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. அது பெரிய காரியம். ஆனால் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் வரும் பெண் இன்றைக்கும் பெரும்பாலும் தனியார் விடுதியையோ வாடகை அறையையோதான் நம்பியிருக்கிறாள்.

அவளுக்குச் சில வார்த்தை. விடுதியை மதியம் போய்ப் பார்க்காதீர்கள். பாதிப் பேர் வேலையில் இருக்கும் நேரத்தில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டும். முதல் ஷிஃப்டுக்கு எல்லோரும் கிளம்பும் விடியற்காலையில் அங்கே தங்கியிருப்பவரிடம் கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு குளியலறை? நைட் ஷிஃப்ட் முடித்து வருபவரும் பகல் ஷிஃப்டுக்குப் போகிறவரும் ஒரே அறையா? அப்படியென்றால் இருவருக்கும் தூக்கம் கிடையாது. சாப்பாட்டுக் கூடத்தோடு நின்றுவிடாமல் சமையலறையின் பின்பக்கம் போய், கழுவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். சம்பளத்தில் தங்கவும் சாப்பிடவும் எவ்வளவு பிடிப்பார்கள், விடுதியை விட்டால் வேலை இருக்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

அதே பத்தொன்பது, இருபது வயதில் ஒரு கல்லூரி மாணவி பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனி போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாணவர் விடுதிகளை நடத்தும் பொது அமைப்புகள் இருக்கின்றன. மாத வாடகை என்ன, அறை தனியா பகிர்வா, சமையலறை பொதுவா என்பதெல்லாம் அவள் விமானம் ஏறும் முன்பே தெரிந்துவிடும். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறாள். கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறும் பெண்ணும் வீட்டை விட்டு முதல் முறை வெளியே வருகிறவள்தான். அவள் கேட்பதும் இதே விவரங்களைத்தான்.

கம்பெனிகளுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஆர்டரில் சம்பளத்தை எழுதும் இடத்துக்குக் கீழே விடுதியின் பெயர், உரிம எண், அறைக்கு எத்தனை பேர், பிடித்தம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பிடிக்காவிட்டால் வெளியே தங்கலாம், வேலை போகாது என்ற வரியையும் சேருங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தொழிலாளியிடம் இருந்தால், ஆய்வுக்கு அதிகாரி வரும்வரை எந்தச் சமையலறையும் எலியோடு காத்திருக்காது.

(தொடரும்)