குதிரையின் கால் வீக்கம்: குளிர்நீர்ச் சிகிச்சையும் கட்டும்

வண்டிக் குதிரையின் கால் கெட்டால் உடையவனது ஜீவனமும் கெடும். ஆகையால் வீக்கங் கண்டவுடன் அதன் காரணத்தை அறிதல் அவசியம்.

குதிரையின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, சதைப்பற்றுக் கிடையாது. தோலின் கீழ் எலும்பும் தசைநாண்களுமே உள. லாயத்தில் நெடுநேரம் நின்றதனால் இரு கால்களும் ஒருங்கே வீங்கி, சூடும் வலியும் இல்லாதிருப்பின், மெல்ல நடத்துதலே பெரும்பாலும் போதுமானது. ஒரு காலில் மட்டும் சூடும் வலியும் காணின், அது தசைநாணின் காயமாயிருக்கலாம். அப்பொழுது முதல் இரண்டு நாட்களுக்குக் குளிர்ச்சியே நலம் பயக்கும்.

பனிக்கட்டியும் நீரும் நிறைத்த உயரமான ரப்பர் பூட்ஸில் நீர் காலின் எல்லாப் பக்கமும் படிவதால், குளிர்ச்சி நன்கு உட்செல்லும். ஈரத்துணிக் கட்டோ விரைவில் சூடேறிப் பயனற்றதாகும். ஒவ்வொரு முறையும் சுமார் 20 நிமிஷமாக, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை செய்தல் வேண்டும். பூட்ஸ் கிடையாதவிடத்துக் குளிர்ந்த ஓடைநீரில் நிறுத்தலாம். பனிக்கட்டியைத் தோலின்மேல் நேரே வைத்துக் கட்டலாகாது.

கட்டின் வேலை குளிர்வித்தலன்று, வீக்கத்தை அடக்குதலே. காலை உலர்த்தி, தடித்த பஞ்சுப்பட்டை சுற்றி, அதன்மேல் எங்கும் ஒரே அழுத்தமாகக் கட்டுக. பஞ்சின்றி இறுக்கிய கட்டு தசைநாணையே கெடுக்கும். தினந்தோறும் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுக.

புண், காய்ச்சல், கடும் நொண்டல் இவற்றுள் ஒன்று காணினும், குளம்பு சூடாகிக் குதிரை அடியெடுத்து வைக்க அஞ்சினும், தாமதியாது கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும்.