பறக்கப் பழகுவோர்க்கு ஏற்ற வானூர்தி

உங்கள் பெற்றோர் இளமையில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மிதிவண்டி எடுத்து ஓட்டிப் பழகியதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் சிறிய வானூர்தியையும் அவ்வாறே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். அங்கே 16 வயது நிரம்பிய மாணவர், ஆசிரியரின் ஒப்புதலோடு தனியாகப் பறக்கலாம். 17 வயதில் தனியார் விமானி உரிமம் பெறலாம். அதற்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழகியிருத்தல் வேண்டும். எந்த வானூர்தியில் பழகுவது என்பதே மாணவர்முன் எழும் முதல் வினா.

பயிற்சிக்குப் பெயர்பெற்றவை மூன்று. செஸ்னா 152 இருவர் அமரக்கூடியது. எரிபொருளைக் குறைவாகச் செலவிடுவது. செஸ்னா 172 நால்வர் அமரக்கூடியது. 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இவ்வகையில் 40,000க்கும் மேற்பட்டவை உருவாக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் இறக்கைகள் விமானியின் தலைக்கு மேலே உள்ளன. ஆதலால் கீழே உள்ள நிலப்பரப்பு நன்கு தெரியும். பைப்பர் செரோக்கி வகையில் இறக்கைகள் கீழே உள்ளன. ஆதலால் மேற்புறம் நன்கு தெரியும். ஆனால், அதில் இடத்தொட்டி, வலத்தொட்டி என எரிபொருளை விமானியே மாற்றி மாற்றித் திறக்க வேண்டும்.

அழகையும் வாடகையையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு. முதலில் பார்க்க வேண்டியது எடை. செஸ்னா 152 புறப்படும்போது அதன் மொத்த எடை 757 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு வானூர்தியின் வெற்று எடை 517 கிலோகிராம் எனக் கொள்வோம். எஞ்சுவது 240 கிலோகிராம். அதன் தொட்டிகளை நிரப்பும் எரிபொருளின் எடை ஏறத்தாழ 67 கிலோகிராம். மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து 160 கிலோகிராம் இருந்தால், பைகளுக்கு 13 கிலோகிராம் மீதமாகும். அவர்கள் 180 கிலோகிராம் இருந்தாலோ, இருக்கை இரண்டு இருந்தும் தொட்டியை நிரப்ப இயலாது. ஒன்று, எரிபொருளைக் குறைத்துக் குறுகிய தொலைவு பறக்க வேண்டும். அன்றேல், பெரிய வானூர்தியை எடுக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் புறப்படுவது உயிருக்கே கேடாய் முடியும்.

அடுத்தது இடமும் வெப்பமும். டென்வர் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் மேலே உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. கோடையில் அது மேலும் குறையும். அப்போது இயந்திரத்தின் ஆற்றலும் இறக்கையின் தூக்குவிசையும் குறைவதால், வானூர்தி நெடுந்தூரம் ஓடியே மேலெழும். கடற்கரை ஊரில் போதுமானதாக இருந்த வானூர்தி அங்கே போதாமற் போகலாம்.

மூன்றாவது பராமரிப்பு. பயிற்சி நிலையங்கள் கட்டணத்திற்குப் பயிற்சியளிக்கத் தரும் வானூர்தியை 100 மணி நேரப் பயன்பாட்டிற்கு ஒரு முறையும் ஆண்டிற்கு ஒரு முறையும் சோதித்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அப்பதிவேட்டைக் காட்டுமாறு மாணவர் தயங்காமல் கேட்கலாம். தீர்க்கப்படாத குறை எதுவும் அதில் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

இறுதியாகவே வாடகையைக் கருத வேண்டும். எரிபொருளின் விலை அதில் சேர்ந்துள்ளதா எனக் கேட்டறிந்த பின்னரே இரு நிலையங்களின் கட்டணங்களை ஒப்பிட வேண்டும். மேலும், மலிவாகக் கிடைக்கிறது என்று வாரந்தோறும் வேறுவேறு வகைகளில் பழகினால், கருவிகளின் இடமும் வேகங்களும் மனத்தில் பதியா. பயிற்சி நீண்டு செலவே மிகும். தக்க ஒன்றைத் தேர்ந்து, தனியே பறக்கும் வரை அதிலேயே பழகுவது நன்று. ஒவ்வொரு முறையும் எடையைக் கணக்கிட்டு, கணக்கு ஒவ்வாதபோது "இன்று பறக்க வேண்டா" என முடிவுசெய்யத் தெரிந்தவரே நல்ல விமானி.

அருஞ்சொற்பொருள்
வெற்று எடை – ஆளும் சுமையும் ஏற்றாத வானூர்தியின் எடை
தூக்குவிசை – மேலெழச் செய்யும் விசை
அன்றேல் – இல்லாவிட்டால்

பயிற்சி
1. மேல் இறக்கை, கீழ் இறக்கை வானூர்திகளிடையே உள்ள வேறுபாடு யாது?
2. பாடத்தில் கண்ட வானூர்தியில் இருவரின் எடை 170 கிலோகிராம், பையின் எடை 10 கிலோகிராம் எனில், தொட்டிகளை முழுமையாக நிரப்பலாமா? கணக்கிட்டு விடை எழுதுக.
3. வாடகையை இறுதியாகக் கருத வேண்டும் என்பது ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.