இருட்டறைக்கு வேண்டியது விளக்கா, வானமா?

ஜொகூரில் தாமான் வீடு வாங்கும் நம் இளம் குடும்பங்கள் விலையை விசாரிக்கிறார்கள், வங்கிக் கடனை விசாரிக்கிறார்கள், சிங்கப்பூர் பாலத்துக்கு எவ்வளவு தூரம் என்றும் கேட்கிறார்கள். நடுப்பகல் 12 மணிக்கு விளக்கைப் போடாமல் அந்த வீட்டில் நாளிதழ் வாசிக்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கணினி விளையாட்டு.

'தி சிம்ஸ்' விளையாட்டைப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அறிந்திருப்பார்கள். அதை உருவாக்கிய வில் ரைட், 1991இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் பரவிய தீயில் தம் வீட்டை இழந்தவர். வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கிய அந்த அனுபவத்திலிருந்துதான் இந்த விளையாட்டுக்கான எண்ணம் பிறந்தது. முதலில் அவர் உருவாக்க நினைத்தது வீடு வடிவமைக்கும் விளையாட்டைத்தான். கட்டிய வீடு நன்றாக இருக்கிறதா என்று சொல்வதற்காகவே மனிதர்கள் உள்ளே வந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் பதிப்பிலேயே, வெளிச்சம் இல்லாத அறையில் இருப்பவருக்கு மனநிலை சரியும்.

இப்போது பலரும் ஆடுவது 2014இல் வந்த நான்காம் பதிப்பு. 2022 அக்டோபர் முதல் அதன் அடிப்படை விளையாட்டு இலவசம். மாசாயில் என் அக்கா ஒரு பழைய ஒற்றை மாடி வரிசை வீட்டை வாங்கியபோது, மராமத்துக்குக் காசு எடுப்பதற்கு முன் அந்த வீட்டை இதில் கட்டிப் பார்த்தேன்.

20க்கு 70 அடி, கட்டங்களில்

விளையாட்டின் ஒரு கட்டத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 20க்கு 70 அடி மனை ஏறத்தாழ 6க்கு 21 கட்டம். விளையாட்டில் கிடைக்கும் 30க்கு 20 மனையில் இது தாராளமாக அடங்கும். அக்கா வீட்டில் கார் நிறுத்தும் இடம் 5 கட்டம், வீடு 13, பின்கட்டு 3.

முதல் நுட்பம் இதுதான்: உங்கள் வீட்டை மட்டும் கட்டாதீர்கள். இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்களையும் எழுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கை தானாகப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கும். வரிசை வீட்டில் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொதுவானது. நமக்கு வெளிச்சம் வர முன், பின் என்று இரண்டே வழிகள்.

தரையில் ஒரு படி ஏற்ற இறக்கம் வேண்டுமானால், 2020இல் சேர்க்கப்பட்ட மேடைக் கருவி உதவும். ஈரச் சமையலறையை ஒரு படி தாழ்த்தியும், சாமி மேடை இருக்கும் மூலையை ஒரு படி உயர்த்தியும் பார்த்துக்கொள்ளலாம்.

இருட்டு எங்கிருந்து வந்தது?

கட்டும் நிலையிலேயே பொழுதை மாற்றும் பொத்தான் உண்டு. எல்லா விளக்குகளையும் எடுத்துவிட்டுப் பொழுதை நண்பகலுக்கு மாற்றினேன். வரவேற்பறை பளிச்சென்று இருந்தது. அம்மாவுக்கென்று ஒதுக்கிய பின்னறை மங்கிப் போயிருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறது. ஆனால் முந்தைய உரிமையாளர் சமையலறையைப் பின்வேலி வரை நீட்டிக் கூரை போட்டிருந்தார். வெளியே திறக்க வேண்டிய ஜன்னல் இப்போது அடுப்படிக்குள் திறக்கிறது. நம் தாமான்களில் வீட்டைப் பெரிதாக்குகிறோம் என்று பலர் செய்யும் வேலை இது. ஒரு சமையலறை பெருக்கிறது, ஓர் அறை குருடாகிறது.

தீர்வும் விளையாட்டில்தான் தெரிந்தது. நீட்டிய பகுதியில், அம்மா அறை ஜன்னலை ஒட்டி 3க்கு 3 கட்டத்தைச் சுவரால் பிரித்து, அதன் கூரையை நீக்கினேன். விளையாட்டு உடனே அதைத் திறந்த வெளியாக எடுத்துக்கொண்டது. அறைக்குள் பகல் வந்தது. சமையலறைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் கிடைத்தது.

"கொல்லையில் பாதியை வானத்துக்கா கொடுப்பது?" என்றார் அத்தான். கேட்பதில் நியாயம் உண்டு. 18 கட்டத்தில் 9 போகிறது. அக்கா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பகலெல்லாம் அம்மா அந்த அறையிலதான் இருக்கப் போறாங்க. நாம ரெண்டு பேரும் அப்ப வேலையில இருப்போம்."

சுவரை எடுத்தால் ஒளி நடக்கும்

விளையாட்டில் அறை என்பது நான்கு பக்கமும் மூடிய சுவர். 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒளியை அறை அறையாகவே கணக்கிட்டார்கள். இடையே வளைவு வாசல் இருந்தாலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு என்று கோடு கிழித்ததுபோல் தெரியும். கைதேர்ந்தவர்கள் சுவரை எடுத்துவிட்டுத் தூண்களை நிறுத்தினார்கள். இரண்டு அறையும் ஒன்றாகி, ஒளியும் ஒன்றானது. வரவேற்பறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே உள்ள சுவரை இப்படி எடுத்துப் பாருங்கள். முன் ஜன்னலின் வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் விளக்கு. கூரை நடுவில் ஒரே பெரிய விளக்கை வைப்பதைவிட, வேலை நடக்கும் இடங்களில் சிறு விளக்குகளைப் பிரித்து வைப்பது நல்லது. வாழும் நிலையில் விளக்கைச் சொடுக்கினால் நிறத்தையும் பிரகாசத்தையும் மாற்றலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி 'மூவ் ஆப்ஜெக்ட்ஸ்' குறியீட்டை இயக்கினால், அலமாரிக்கு மேலேயும் திரைக்குப் பின்னேயும் விளக்கை ஒளித்து வைக்கலாம். கன்ட்ரோலோடு 9ஐ அழுத்தினால் பொருள் உயரும், 0ஐ அழுத்தினால் இறங்கும். கண்ணில் அடிக்காத மறைவிளக்கை எங்கே பொருத்தலாம் என்று மின்பணியாளரை அழைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.

விளையாட்டு சொல்லாதவை

முதலாவது, பாரம். விளையாட்டில் கீழ்ச் சுவர்களை எடுத்தாலும் மேல்மாடி விழாது. நிஜ வீட்டில் எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வெயில். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் ஊர். திரையில் கண்ணாடிக் கூரை அழகு. இங்கே அதன் அடியில் உட்கார்ந்தால் வியர்வைக் குளியல். திறந்த முற்றம் ஒளியோடு காற்றையும் கொடுக்கும். ஆனால் மழைநீர் வடியக் கால்வாயும், திருடன் இறங்காமல் இருக்க இரும்புக் கம்பியும் வேண்டும்.

மூன்றாவது, சட்டம். கட்டடத் துறையினர் யூபிபிஎல் என்று சொல்லும் 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள், வாழும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னல் வேண்டும் என்கின்றன. காற்று தடையின்றி வரும் திறப்பு 5 விழுக்காடு. 10க்கு 12 அடி அறைக்கு 12 சதுர அடி, அதாவது 3க்கு 4 அடி ஜன்னல். இரண்டு மாடி வரையிலான கட்டடத்தில் காற்று முற்றம் 7 சதுர மீட்டருக்கும், அகலம் 2.5 மீட்டருக்கும் குறையக் கூடாது. 3க்கு 3 கட்டம் இதற்குள் அடங்குகிறது. எதை இடிப்பதற்கு முன்பும் உங்கள் பகுதி மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை.

நான்காவது, காசு. 'மதர்லோட்' என்று தட்டினால் விளையாட்டில் 50,000 சிமோலியன் கொட்டும். நம் வங்கியில் அப்படி ஒரு குறியீடு கிடையாது. அதனால்தான் தவறான சுவரைத் திரையில் இடித்துப் பார்ப்பது மலிவு. அக்கா அந்தப் படங்களை அச்செடுத்துக் குத்தகையாளரிடம் கொடுத்தபோது, வார்த்தையில் விளக்கவே தேவைப்படவில்லை.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகவர் உங்களுக்கு முன்னே உள்ளே நுழைந்து எல்லா விளக்குகளையும் போட்டு வைப்பார். அத்தனையையும் அணைக்கச் சொல்லுங்கள். பிறகு கடைசி அறைக்கு நடந்து போய், ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது என்று பாருங்கள்.