அவை கலைந்தால் மசோதா சாகுமா?

தமிழ்நாட்டின் 16-ஆவது சட்டமன்றத்தின் ஆயுள் 2026 மே 10-ஆம் தேதியோடு முடிகிறது. தேதி நெருங்க நெருங்க, நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை வெவ்வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை இனி அரசே நியமிக்கும் என்றார்களே, பிறகு ஏன் வழக்கு? சித்த மருத்துவப் பல்கலைக்கழக மசோதா எங்கே போயிற்று? கிடப்பில் உள்ளதெல்லாம் தேர்தலோடு காலாவதியாகிவிடுமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள்தான் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 196(5) பிரிவு சொல்வது இவ்வளவுதான்: அவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, அவை கலைந்தால் காலாவதியாகும். அவை நிறைவேற்றி ஆளுநருக்கு அனுப்பிவிட்ட மசோதாவைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பதைக் கேரளத்தில் நடந்த ஒரு வழக்கு முடிவு செய்தது.

1959 ஜூன் 10 அன்று கேரளச் சட்டமன்றம் விவசாய உறவுகள் மசோதாவை நிறைவேற்றியது. ஜூலை 31 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு நீக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைந்தது. மசோதா மட்டும் குடியரசுத் தலைவரின் முடிவுக்காகக் காத்திருந்தது. 1960-இல் தேர்தல் நடந்து, நம்பூதிரிபாட்டை எதிர்த்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 27 அன்று, சில மாற்றங்களைக் கோரி மசோதா திரும்பி வந்தபோது அதை வாங்கிக்கொண்டது புதிய அவை. அக்டோபர் 15 அன்று அந்த அவை திருத்தங்களோடு நிறைவேற்றியது. 1961 ஜனவரி 21 அன்று ஒப்புதல் கிடைத்தது. கலைந்துபோன அவையின் மசோதாவை அடுத்த அவை எப்படித் தொடலாம் என்று வழக்கு போனது. புருஷோத்தமன் நம்பூதிரி வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா அவை கலைவதால் சாகாது; மறுபரிசீலனை செய்யும் அவை, முதலில் நிறைவேற்றிய அதே அவையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு ஜெயலலிதாவின் பெயரைச் சூட்டும் திருத்த மசோதாவை 2020-இல் அ.தி.மு.க. பெரும்பான்மை கொண்ட அவை நிறைவேற்றியது. அந்த அவை 2021-இல் முடிந்துபோனது. மசோதா ஆளுநர் மாளிகையிலேயே இருந்து, 2023 நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்டது. அதை மறுபடி நிறைவேற்றிக் கொடுத்தது தி.மு.க. பெரும்பான்மை கொண்ட 16-ஆவது அவை.

பார்த்தால் மக்கள் அவையின் முடிவுக்குக் கிடைத்த பாதுகாப்பு போலத்தான் இருக்கிறது. ஒரு தேர்தல் வந்துவிட்டது என்பதற்காக, முறையாக நிறைவேறிய மசோதா குப்பைக்குப் போகாது. எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். திருப்பி அனுப்பிய மசோதாவை அவை மறுபடி நிறைவேற்றினால்தான் 200-ஆவது பிரிவு ஆளுநரின் கையைக் கட்டுகிறது. அவை எடுக்காமல் விட்டால் மசோதா சத்தமில்லாமல் முடிந்துபோகும். எடுத்தே ஆகவேண்டும் என்று புதிய அவையை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே, ஒரு மசோதாவை ஏப்ரலில் திருப்பி அனுப்புவதும் ஜூனில் திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல. முதலாவது, அதை உருவாக்கியவர்கள் கைக்குப் போகிறது. இரண்டாவது, யார் கைக்குப் போகும் என்று இன்று யாருக்கும் தெரியாது. எந்த அவைக்குத் திருப்புவது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் ஆளுநருக்குக் கொடுக்கவில்லை, தாமதம் கொடுத்துவிடுகிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற அறிவிப்பை, மே 10 என்ற தேதியைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வது அதனால்தான்.

இப்போது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். மாநிலத்தின் மருத்துவ, பல் மருத்துவ, செவிலியர், மருந்தியல் கல்லூரிகள் பெரும்பாலும் இதன் கீழ்தான் வருகின்றன. அதன் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2022-இல் நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் தராமல் வைத்திருந்த பத்து மசோதாக்களில் இதுவும் ஒன்று. பத்தும் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. 2023 ஏப்ரலில் குடிமைப் பணித் தேர்வு மாணவர்களிடம் பேசிய ஆளுநர், ஒப்புதலை நிறுத்திவைத்தால் மசோதா செத்துவிட்டது என்றுதான் பொருள் என விளக்கம் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் பஞ்சாப் ஆளுநர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்துக்கு இடமே வைக்கவில்லை: நிறுத்திவைத்தால் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும்.

பத்து மசோதாக்களும் 2023 நவம்பர் 13 அன்று திரும்பின. நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூடி அவை மறுபடி நிறைவேற்றியது. பத்தே நாளில், நவம்பர் 28 அன்று, ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். கை கட்டப்பட்ட பிறகு புதிய வாசல் திறந்தார் என்பதுதான் அரசின் வழக்கு. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. 142-ஆவது பிரிவின்படி பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்றும், ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்றும் கெடு விதித்தது. ஏப்ரல் 11 அன்று பத்தும் அரசிதழில் ஏறின.

சட்டமாகிவிட்டது. ஆனால் மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளோடு அவை மோதுகின்றன என்பது எதிர்த்தரப்பின் வாதம். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நமக்கு எழுதியவர்களின் குழப்பம் நியாயமானது. சட்டம் இருந்தும் அதன் உயிர்நாடியான பிரிவுக்குத் தடை விழுந்தால், துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடக்கும் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்ததும் வராததும் ஒன்றுதான்.

2025 நவம்பர் 20 அன்று இன்னொரு திருப்பம். குடியரசுத் தலைவர் கேட்ட 14 கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரை தந்தது. நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது. அதேசமயம் ஆளுநர் காரணமின்றிக் காலவரையின்றி உட்கார்ந்திருக்கவும் முடியாது, அப்படிச் செய்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். இருதரப்பும் இதை வெற்றி என்கின்றன. என் கணக்கில், மேலே சொன்ன தாமத அதிகாரத்துக்குக் கட்டப்பட்டிருந்த கடிகாரம் கழற்றப்பட்டுவிட்டது. 'நியாயமான காலம்' எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

தாமதம் ஒரு மாணவரை எப்படித் தொடுகிறது என்பதற்கு 2020-ஐப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று நிறைவேறியது. அக்டோபர் 16 அன்று நீட் முடிவுகள் வந்தன. கலந்தாய்வு வாசலில் நிற்கிறது, ஒப்புதல் இல்லை. இன்னும் மூன்று நான்கு வாரம் தேவை என்று ஆளுநர் பன்வாரிலால் புரோகித் எழுதினார். அரசு அக்டோபர் 29 அன்று 162-ஆவது பிரிவின் நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தி, மசோதாவில் இருந்ததையே அரசாணையாகப் போட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. சொலிசிட்டர் ஜெனரலின் கருத்து 29-ஆம் தேதிதான் கைக்கு வந்தது என்று ஆளுநர் மாளிகை விளக்கியது. தேதிகள் அப்படி ஒத்துப்போனதை நம்புவது அவரவர் விருப்பம். அந்த ஆண்டு 313 எம்.பி.பி.எஸ். இடங்களும் 92 பி.டி.எஸ். இடங்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன என்பது மட்டும் உறுதி.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நீட் விலக்கு மசோதா? 2021 செப்டம்பரில் நிறைவேறி, திரும்பி, 2022 பிப்ரவரி 8 அன்று மறுபடி நிறைவேறி டெல்லி போனது. குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்று முதல்வர் 2025 ஏப்ரல் 4 அன்று அவையில் சொன்னார்.

சித்த மருத்துவப் பல்கலைக்கழகம்? 2022 மசோதாவில் முதல்வரே வேந்தர். 2025 அக்டோபரில் ஆளுநரின் கருத்துகளை நிராகரித்து அவை மறுபடி எடுத்துக்கொண்டது.

அறிமுகமாகி நிறைவேறாத மசோதா? மே 10-க்குப் பிறகு இல்லை. காத்திருக்க மேலவையும் 1986-லேயே போய்விட்டது.

அரசிதழில் வந்துவிட்டால் அமலுக்கு வந்ததாகுமா? எப்போதும் இல்லை. தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 1997-இல் வந்தது. விதிகள் வகுக்கப்பட்டது 2018-இல். இதில் ஆளுநருக்குப் பங்கில்லை, இரு கட்சி அரசுகளுக்கும் உண்டு.

நாமே எப்படிப் பார்ப்பது? தமிழ்நாடு அரசிதழ் நான்காம் பகுதியில் முதல் பிரிவு மசோதாக்களுக்கு, இரண்டாம் பிரிவு சட்டங்களுக்கு. 'சட்டம் வந்துவிட்டது' என்று யார் சொன்னாலும் இரண்டாம் பிரிவில் சட்ட எண்ணைக் கேளுங்கள். பிறகு எந்தத் தேதியிலிருந்து அமல், எந்தப் பிரிவுக்குத் தடை என்று கேளுங்கள்.