எனக்கு வேணும், விசுவசிக்கிறேன்: ராதாபுரம் பக்கத்துச் சபை வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

போன வருஷம் டிசம்பரில் ஒரு ஞாயிறு ஆராதனை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்து நின்றோம். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ராதாபுரம் பக்கம் சுற்றிலும் காற்றாலைகள் நின்றாலும் எங்களுக்குக் கரண்ட் போகிற நேரத்தில் போகத்தான் செய்யும். பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பெரிய திரை அணைந்தது. அதோடு சபையின் சத்தமும் அடங்கியது. பின்வரிசையில் நாலைந்து பாட்டிமார் மட்டும் கண்ணை மூடியபடி கடைசிவரை சொல்லி ஆமென் போட்டார்கள்.

நான் அந்தச் சபையின் கமிட்டியில் இருக்கிறவன். பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பும் எடுக்கிறேன். பாதியில் நின்றவர்களில் நானும் ஒருவன். வெளியே வந்ததும் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "எய்யா, பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்குற நீங்களே நின்னுட்டியளே?" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

அடிப்படைக்குத் திரும்ப வேண்டும் என்று இப்போது கன்வென்ஷன் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஒருவருக்கு அது டிரம்ஸை நிறுத்துவது. இன்னொருவருக்குப் பழைய கீர்த்தனைகள். வேறொருவருக்குத் தாத்தா காலத்துச் சபை. பாட்டியின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்த மண்ணில் முதன்முதலில் அடிப்படை என்று எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

மணி அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம்

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். நமக்குத் தெற்கேயும் கிழக்கேயும் இருக்கிற இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி எல்லாம் அந்தக் கடற்கரை ஊர்கள்தான். பரதவர்கள் சில வருஷங்களுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், மரியன்னை ஜெபம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கி, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் வந்துவிட்டது. அதாவது, கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்ல நினைத்த சனங்கள், கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்ததும் 1544-இல் சவேரியார் தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அந்த இடத்தில் விசுவாசம் என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அது மொழி தெரியாமல் வந்த பிழை. இன்றைக்கு நம் ஜெபக்கூட்டங்களில் எழுதிப் போடுகிற விண்ணப்பச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். வேலை வேணும், விசா வேணும், வீடு வேணும். கேட்பது தப்பில்லை. கர்த்தருடைய ஜெபத்திலேயே அன்றன்றைக்குள்ள ஆகாரத்தைக் கேட்கிறோம். ஆனால் பிரசங்கம் முழுவதும் ஆசீர்வாதத்தைப் பற்றியே ஆகி, நான் யாரை நம்புகிறேன், அதனால் எப்படி வாழ வேண்டும் என்ற பேச்சே இல்லாமல் போனால், திருத்திய சொல்லைத் தள்ளிவிட்டுப் பழைய பிழைக்கே போய்விட்டோம் என்றுதான் அர்த்தம்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழை நன்றாகவே கற்றார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அவருடைய "தம்பிரான் வணக்கம்" அச்சானது. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் இது. மொத்தமே 16 பக்கம். உள்ளே இருப்பது இதே அடிப்படைப் பாடங்கள். அந்தக் காலத்தில் அச்சு என்பது பெரிய நவீனம். ஆகவே திரையும் மைக்கும் வந்ததால் விசுவாசம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அச்சை அவர்கள் பாடத்தை மனதுக்குள் கொண்டுபோகப் பயன்படுத்தினார்கள். திரையை நாங்கள் மனதில் வைக்காமலே சமாளிக்கப் பயன்படுத்தினோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

கோபுரத்துக்கு முன்னே உபதேசியார்

சீர்திருத்தச் சபை வரலாற்றிலும் இதையேதான் பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதின சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த குளோரிந்தா அம்மையார் 1785-இல் அங்கே சின்னக் கோயிலைக் கட்டினார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சுவார்ட்ஸ் ஐயர் இருந்ததோ தஞ்சாவூரில். இடையில் சபையைப் பார்த்துக்கொண்டவர்கள் நம் ஊர் உபதேசியார்கள். அவர்களில் சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். சாத்தான்குளம் பக்கத்தில் 1799-இல் முதலூர் உருவானதும் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் உழைப்பில்தான்.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். விசுவாசத்துக்கு வந்ததால் ஊரில் இடமில்லாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. பிரமாணம் சொல்லிக்கொடுத்ததோடு, அதைச் சொன்னதால் தெருவுக்கு வந்தவனுக்கு வீடும் பார்த்தார்கள்.

நம் பக்கத்து இடையன்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்டுவெல் 1841-இல் அங்கே வந்தார். பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-இல் தொடங்கியது. பிரதிஷ்டை நடந்தது 1880-இல். முப்பது வருஷத்துக்கு மேல் கோயில் முடியவில்லை. சபை அதற்காகக் காத்திருக்கவில்லை. தெருக்கள் வகுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். கட்டடம் கடைசியாக வந்தது.

பழைய காலத்துக்குத் திரும்பினால் போதுமா?

போதாது. அதற்குச் சாட்சி ராதாபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்தவன் தாழ்ந்தவன் பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய கோயிலை இரண்டு பக்கமாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஆனால் ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இன்னொரு பக்கம், நடுவே சுவர். 1910-இல் கௌசானல் சுவாமி அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்களுக்குப் பிரமாணம் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்திருக்கும். எந்தத் திரையும் வேண்டியிருக்காது. மனப்பாடம் மட்டுமே அடிப்படை என்றால் அந்தச் சபைக்கு ஒரு குறையும் இல்லை. இதைக் கத்தோலிக்கர் கதை என்று மற்றவர்கள் தள்ளிவிடவும் முடியாது. சபைத் தேர்தல் வரும்போது எங்கள் பக்கம் எந்தக் கணக்கில் ஓட்டு விழுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நாலு காரியம்

அப்போஸ்தலர் நடபடிகள் 2:42-இல் ஆதிச் சபையார் உறுதியாகப் பிடித்துக்கொண்டதாக நாலு காரியங்கள் வருகின்றன: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். மேலே பார்த்த வரலாற்றை இதற்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கு எல்லாம் தெளிவாகிறது. சவேரியாரின் மணி உபதேசம். தர்ம சங்கம் ஐக்கியம். வடக்கன்குளத்தில் உடைந்து கிடந்தது அப்பம் பிட்குதல். ஒரே பீடம் இருந்தும் ஒரே பந்தி இல்லை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்தால் சபை நொண்டுகிறது. டிரம்ஸா கீர்த்தனையா என்பது இந்த நாலிலும் வரவில்லை.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினவர்களிடம் பெரிய பணம் இல்லை. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டி உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போடுவது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு பிடியில் ஜெபமும் காணிக்கையும் தினமும் நடந்தன. ஸ்டேஜ் இல்லை, விளம்பரம் இல்லை.

இனி என் காரியம். எங்கள் சபையில் கோபுரத்தை உயர்த்திக் கட்ட நிதி திரட்டுகிறோம். தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. உபதேசியார் வேலை இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது; சம்பளத்துக்குப் பணமில்லை என்று எழுதி வைத்ததும் நாங்களேதான். வருகிற கமிட்டியில் கோபுரத்தைத் தள்ளிவைத்து முதலில் உபதேசியாரை வைப்போம் என்று கேட்கப்போகிறேன். விஷயம் வெளியே தெரிந்து, சில அண்ணாச்சிமார் இப்பவே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். தோற்றாலும் தோற்கலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று அந்தப் பாட்டியிடம் போய், சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். "எனக்கு வாசிக்கத் தெரியாதே எய்யா" என்றார்கள். அப்போதுதான் எனக்கே தெரியும். எல்லாம் காதால் கேட்டுப் படித்தது. மூன்று வாரமாக வருகிறார்கள். பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள், பின்பெஞ்சில் உட்கார்ந்து நானும். போன வாரம் ஒரு பையன், "சார், விசுவசிக்கிறேன்னா என்ன?" என்று கேட்டான். மான்சிலாஸுக்குப் போன கடிதத்தின் கதையைச் சொன்னேன். வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் சொல் என்று அனுப்பினேன்.