அந்தியில் அழும் கைக்குழந்தை

பகலெல்லாம் அமைதியாய் உறங்கிய குழந்தை, விளக்கு வைக்கும் நேரத்தில் வீறிட்டு அழத் தொடங்குகிறது. முகம் சிவக்கிறது, கால்கள் வயிற்றோடு மடங்குகின்றன, காற்றுப் பிரிகிறது, பால் கொடுத்தும் அழுகை ஓய்வதில்லை. சொந்த ஊரிலென்றால் பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டாரும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். வித்துரா, பொன்முடி, போணக்காடு என்று பிழைப்பை நாடி வந்த நம் குடும்பங்களிலோ, பெரும்பாலும் தாய் ஒருத்தியே அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதுபற்றிச் சில கூற விரும்புகிறோம்.

முதலாவதாக, இவ்வழுகை பெரும்பாலும் நோயன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 80 குழந்தைகளின் தாய்மார்களை நாட்குறிப்பு எழுதச் செய்து 1962இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து ஏறி, ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 2¾ மணி நேரத்தை எட்டி, பின்னர் தணிவதைக் கண்டார். அதிலும் மாலைப்பொழுதே மிகுதி. மூன்று நான்கு மாதங்களில் இது தானே அடங்கிவிடும்.

இதனை அறியாததால் விளையும் பெருங்கேடு ஒன்றுண்டு. "பால் போதவில்லை" என்று அஞ்சித் தாய் புட்டிப்பாலை நாடுகிறாள். புட்டி புகுந்த வீட்டில் தாய்ப்பால் மெல்லக் குறைந்துவிடுகிறது. முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருமாயின் பால் போதுகிறது என்றே கொள்க.

இனி மருந்துகள். நாம் வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று போற்றி, சுட்டு உரைத்து நாவில் தடவுகிறோம். மலையாள அன்பர்கள் வயம்பையும் பொன்னையும் தேனில் உரைத்துக் கொடுப்பர். அன்பினால் செய்வதே எனினும், இவ்விரண்டும் வேண்டா. வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் பற்றிய ஐயத்தால், அமெரிக்க அரசு 1968இல் அதனை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியோ, ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்க வல்லது. 1851இல் நாட்டிங்காம் நகரத்து உட்வர்ட் என்பவர் செய்த கிரைப் வாட்டரிலும் முன்பு சாராயச் சத்து கலந்திருந்தது. பிரிட்டனில் 1992இல்தான் அது நீக்கப்பட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பின் செய்யத்தக்கது யாது? பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்க. மல்லாக்கக் கிடத்திக் கால்களை மிதிவண்டி மிதிப்பதுபோல் மெதுவாக அசைக்கலாம். விழித்திருக்கும்போது முன்கையில் குப்புறத் தாங்கி உலவலாம். உறங்க விடும்போது மல்லாக்கவே கிடத்துக. விளக்கைத் தணித்து, மார்போடு அணைத்து, தாழ்ந்த குரலில் தாலாட்டுக. அந்திக்கு முன்னரே சற்று நேரம் தூக்கி வைத்துக்கொள்ளுதலும் நலம்.

பணி முடிந்து வீடு திரும்பும் தந்தை இவ்வேலையில் பாதியை ஏற்கவேண்டும். பொறுமை இழந்து குழந்தையை ஒருபோதும் குலுக்கலாகாது. மூளையில் குருதி கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். மனம் கொதித்தால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்க வைத்து, சில நிமிடம் வெளியே நின்று வருக.

ஆயினும் மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், வயிறு உப்பி இறுகுதல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் வீட்டு வைத்தியம் பாராமல், வித்துரா தாலுக்கா மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரத்து ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்க. மலைப்பாதையில் இரவில் வண்டி கிடைப்பது அரிது. விடியட்டும் என்று காத்திராதீர்.

அயலூரில் பாட்டிமார் இல்லாத குறையைச் சங்கத்துக் குடும்பங்களே தீர்க்கலாம். பக்கத்து வீட்டில் அந்தியில் குழந்தை அழும் குரல் கேட்டால், கதவைத் தட்டி அரைமணி நேரம் அதனை ஏந்திக்கொள்ளுங்கள். அத்தாய்க்கு அதனினும் சிறந்த மருந்து வேறில்லை.