அக்கியும் காவியும்

இடுப்பின் ஒரு பக்கத்தில் நெருப்பை வைத்தாற்போல் எரிச்சல். இரண்டொரு நாளில் கொத்துக் கொத்தாய் நீர்க் கொப்புளங்கள். சிவகாசியில் பட்டாசுத் தொழில் செய்பவர், 'மருந்து பட்டிருக்கும்' என்று முதலில் எண்ணினால் ஆச்சரியமில்லை. வீட்டுப் பாட்டியோ பார்த்த மாத்திரத்தில் 'அக்கி' என்று சொல்லிவிடுவாள். உடனே குயவர் வீட்டுக்குப் பயணம். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் எழுதுவார்.

நேயர்களே, நாம் குயவரைப் பழிக்க வரவில்லை. குளிர்ந்த காவி எரிச்சலைச் சற்றுத் தணிக்கும். திடகாத்திரமான சரீரத்தில் அக்கி சில வாரங்களில் தானாகவே ஆறியும் போகும், பெயர் காவிக்கு! ஆனால் எல்லாச் சரீரமும் ஒன்றல்லவே.

பால்யத்தில் சின்னம்மை கண்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் விட்டு, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடனும் செலுத்தியாயிற்று. ஆயினும் அக்கிருமி நம்மை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்த வேளையில் நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. முதுமை, எச்.ஐ.வி. தொற்று, புற்றுநோய்ச் சிகிச்சை, மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் மருந்துகள், நெடுநாள் ஸ்டீராய்டு ஆகியவை அதற்கு இடங்கொடுக்கும். இத்தகையோரிடம் அக்கி ஒரு பட்டையோடு நில்லாமல் மேனியெங்கும் பரவலாம். நுரையீரலையும் மூளையையும் பற்றலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ தோன்றினால் கண்ணுக்கே ஆபத்து.

மருந்து இருக்கிறது. அதன் பெயர் அஸைக்ளோவிர். அதைக் கண்ட ஆராய்ச்சிக் குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க அம்மையார் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பல ஊர்களில் காவி எழுதுவதோ மூன்று நாள்! அந்த மூன்று நாளும் இந்த 72 மணியும் ஒன்றே என்பதுதான் நம் கவலை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், தினம் 5 வேளை, 7 நாள். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு வைத்தியர் குறைத்துத் தருவார். எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவரை மருத்துவமனையில் சேர்த்து, இரத்தக் குழாய் வழியே மருந்தை ஏற்றுவார்கள். கெடு தாண்டி வந்தாலும் அவர்களுக்கு மருந்து உண்டு.

வாலிப வயதில் அக்கி கண்டால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை கேட்கலாம். இதில் வெட்கமென்ன? எச்.ஐ.வி. இந்நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். 2004 முதல் அதற்கான மருந்தை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. உண்டு வந்தால் எதிர்ப்புச் சக்தி மீளும்.

கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை, சின்னம்மை காணாத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகில் வரலாகாது. காவி, கொப்புளத்தை மறைத்து வைத்தியரின் கண்ணைக் கட்டிவிடும். உடைந்த புண்ணில் வேறு கிருமிகளையும் புகுத்தும். எரிச்சலுக்குச் சுத்தமான ஈரத் துணியால் ஒற்றினாலே போதும்.